கல்லூரி தொடங்க 5 மாதம்: ஆங்கிலத்தில் வாசிக்க, எழுத, பேச எதிலிருந்து தொடங்குவது?

கரைதேடி:

வணக்கம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழில். பட்டப்படிப்பில் வகுப்பு, நூல், தேர்வு எல்லாமே ஆங்கிலத்தில். இடையில் 5 மாதம் இருக்கிறது, தினம் 2 மணி நேரம் ஒதுக்க முடியும்.

இலக்கணத் தேர்வு என்றால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் முதலாண்டு வேதியியல் நூலில் ஒரு பக்கம் வாசிக்க 20 நிமிடம் ஆகிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோகிறது. எழுதும்போது தமிழில் யோசித்து மாற்றுகிறேன், மூன்று வரிக்கு மேல் நகர்வதில்லை. பேச்சு இன்னும் மோசம். மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பதா? சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதா? தினம் செய்தித்தாள் தலையங்கம் வாசிக்கச் சொல்கிறார்களே, அதா? தம்பியாக நினைத்து வழி சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

தம்பி, நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் 400 சொல் என்றால், 20 நிமிடத்தில் முடிப்பது நிமிடத்துக்கு 20 சொல். அது வாசிப்பே அல்ல, மொழிபெயர்ப்பு. அந்த வேகத்தில் யார் வாசித்தாலும் தொடக்கம் மறக்கத்தான் செய்யும். குறை உங்கள் நினைவாற்றலில் இல்லை, கையில் எடுத்த நூலின் கடினத்தில் இருக்கிறது.

எந்த நூலை எடுப்பதற்கு முன்பும் ஒரு சோதனை செய்யுங்கள். நடுப்பக்கம் ஒன்றில் 100 சொல் எண்ணி, தெரியாதவற்றுக்கு அடியில் கோடு போடுங்கள். 2 அல்லது அதற்குக் குறைவு என்றால் அகராதி இல்லாமல் ஓடலாம். 5 வந்தால் அகராதியோடு, ஆசிரியர் துணையோடு மெதுவாகப் போகலாம். 10 வந்தால் மூடி வைத்துவிடுங்கள், இப்போதைக்கு அது உங்கள் நூல் இல்லை. 100-க்கு 2 என்ற எல்லை நான் சொல்வது அல்ல. சொல்வள ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன் உள்ளிட்டோர் 98 சதவீதச் சொற்கள் தெரிந்தால்தான் துணையில்லாமல் ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் அந்த 98-ஐ எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்பது நேஷன் 2006-ல் தந்த மதிப்பீடு.

தலையங்கம் ஏன் தொடக்கத்துக்கு ஆகாது என்பதற்கு இதுவே பதில். தலையங்கத்தில் மரபுத்தொடர், மறைமுகக் குத்தல், முந்தைய வாரச் செய்தி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து வரும். அதிலும் தினம் ஒரு பொருள். நேற்று கற்ற சொல் இன்று வராது, வராத சொல் ஒட்டாது.

அதற்குப் பதில் ஒரே பொருளில் 4 வாரம் தங்குங்கள். வேதியியல்தான் உங்கள் பாடம் என்றால் நீர், அமிலம், உலோகம் என்று எளிய ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடங்கலாம். அது சாதாரண விக்கிப்பீடியாவிலிருந்து தனிப் பதிப்பு, கட்டுப்படுத்திய சொற்களில் எழுதப்படுவது. ஒரு கட்டுரையை அங்கே வாசித்துவிட்டு, அதே தலைப்பைச் சாதாரண ஆங்கிலப் பதிப்பில் வாசித்துப் பாருங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் கண்ணில் படும். பள்ளியில் தமிழில் படித்த வேதியியல் இங்கே பெரிய முதல். கருத்து கையில் இருக்கிறது, அதற்கான ஆங்கிலத்தை மட்டும் தேடினால் போதும்.

கதை பிடிக்கும் என்றால் படிநிலை வாசிப்பு நூல்கள் நூலகத்தில் இருக்கும். அட்டையிலோ உள்ளேயோ எத்தனை அடிப்படைச் சொற்களில் எழுதியது என்று போட்டிருப்பார்கள். நம் 100 சொல் சோதனையில் எது தேறுகிறதோ அதிலிருந்து ஏறுங்கள். சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே என்று கூச வேண்டாம்.

தினசரி வாசிப்பை இரண்டாகப் பிரியுங்கள். 45 நிமிடம் எளிய வாசிப்பு, அகராதியைத் தொடவே கூடாது. 20 நிமிடம் கடின வாசிப்பு, பாடநூலில் ஒரே ஒரு பத்தி, அதைச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். வாரம் ஒருமுறை 300 சொல் எளிய பகுதியைக் கடிகாரம் வைத்து வாசித்து, 300-ஐ நிமிடத்தால் வகுங்கள். 100-க்குக் கீழே என்றால் இன்னும் மனதுக்குள் மொழிபெயர்க்கிறீர்கள். எளிய பகுதியில் 200-ஐத் தொட்டுவிட்டால் கல்லூரி வாசிப்புப் பட்டியல் பயமுறுத்தாது.

சொற்பட்டியல் பற்றி: வரிசை முக்கியம். பொதுப்பயன்பாட்டின் முதல் 2,000 சொற்குடும்பங்கள் முதலில். அதில் ஓட்டை இருந்தால் மற்றதெல்லாம் வீண். அதன்பின் ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். 570 சொற்குடும்பங்கள்தான், ஆனால் பல்கலைக்கழக நூல்களில் வரும் சொற்களில் சுமார் 10 சதவீதம் அவை. எந்தத் துறையானாலும் வரும் 'அசெஸ்', 'அனலைஸ்', 'சிக்னிஃபிகன்ட்' போன்றவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சொற்களை நினைவில் வைக்க, முன்பக்கம் ஆங்கிலமும் பின்பக்கம் பொருளும் எழுதிய சிறு அட்டைகள் செய்துகொள்ளுங்கள். அட்டையில் தனிச்சொல் எழுதாதீர்கள், அது வந்த தொடரோடு எழுதுங்கள். 'இஷ்யூ' என்று மட்டும் எழுதி 'பிரச்சினை' என்று பின்னால் போட்டால், 'லேட்டஸ்ட் இஷ்யூ ஆஃப் த ஜர்னல்' வரும்போது 'ஆய்விதழின் அண்மைப் பிரச்சினை' என்று புரிந்துகொண்டு குழம்புவீர்கள். அங்கே அதற்கு 'இதழ்' என்று பொருள். நாளைக்கு 10 அட்டை, அதற்கு மேல் வேண்டாம். 1, 3, 7, 16, 35 நாள் இடைவெளியில் திருப்பிப் பாருங்கள், மறந்தது மறுபடி 1-க்குப் போகட்டும். அங்கி போன்ற செயலி இந்த இடைவெளியைத் தானே கணக்கிடும். வாரம் 6 நாள் என்றாலும் 20 வாரத்தில் 1,200 தொடர்.

சொல்வேலி:

வாசிப்புக்கு ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதில் ஒன்றும் கூட்ட வேண்டியதில்லை. நான் எழுத்துக்கு வருகிறேன்.

தமிழில் யோசித்து மாற்றுவதை 'நிறுத்து' என்று சொன்னால் நிற்காது. மாற்றத் தேவையே வராத மாதிரி கையில் முன்கூட்டியே சரக்கு கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் இளவயதில் தனக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டது இப்படித்தான்.

அன்றைய எளிய வாசிப்பில் 80 முதல் 100 சொல் வரும் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்கள். வாக்கியத்துக்கு இரண்டு மூன்று சொல் வீதம் குறிப்பு எடுத்துவிட்டு நூலை மூடுங்கள். மறுநாள், குறிப்பை மட்டும் பார்த்துப் பத்தியை முழுதாக எழுதுங்கள். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிட்டு, சிவப்பு மையால் திருத்துங்கள். 25 நிமிடத்தில் முடியும். ஏன் மறுநாள்? உடனே எழுதினால் காதில் இருப்பதை ஒப்பிப்பீர்கள். ஒரு இரவு கழிந்தால் சொற்கள் கலைந்து பொருள் மட்டும் நிற்கும், வாக்கியத்தை நீங்களே கட்ட வேண்டி வரும்.

ஒப்பிடும்போது சிவப்பு எங்கே விழும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் விழும்.

முதலாவது ஆர்ட்டிகிள், அதாவது 'எ', 'த'. தமிழில் இந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், அதனால் விடுபடும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். எது என்று வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் 'த'. தெரியாது, ஆனால் எண்ணக்கூடிய ஒற்றைப் பொருள் என்றால் 'எ'. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். 'ரிசர்ச்', 'எவிடென்ஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்' நான்கும் கல்லூரி எழுத்தில் ஓயாமல் வரும், நான்கும் எண்ண முடியாதவை. முன்னால் 'எ'-யும் பின்னால் 'ஸ்'-ஸும் ஒட்டாது. கற்போருக்கான ஆங்கில-ஆங்கில அகராதியில் பெயர்ச்சொல் பக்கத்தில் எண்ணக்கூடியதற்கு 'சி' என்றும் எண்ண முடியாததற்கு 'யூ' என்றும் குறி இருக்கும். பொருளைப் பார்க்கும்போது அந்தக் குறியையும் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது வினையெச்சச் சங்கிலி. 'கரைசலை எடுத்து, சூடாக்கி, வடிகட்டி, குளிர வைத்தோம்' என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லலாம். எச்சங்கள் வரிசையாக வந்து கடைசியில் ஒரு முற்று, அவ்வளவுதான். இதே மூச்சை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டிக்கொண்டே போவீர்கள். அது பிழை. சராசரியாக 15 முதல் 20 சொல்லில் முற்றுப்புள்ளி வைக்கப் பழகுங்கள். வரிசை காட்ட வேண்டிய இடத்தில் 'தென்', 'ஆஃப்டர் தட்' போதும்.

மூன்றாவது 'இருக்கிறேன்'. 'போன வருடமே படித்திருக்கிறேன்' என்பது நல்ல தமிழ். 'ஐ ஹேவ் ரெட் இட் லாஸ்ட் இயர்' தவறான ஆங்கிலம். எப்போது நடந்தது என்று காலத்தைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' போய்விட வேண்டும்: 'ஐ ரெட் இட் லாஸ்ட் இயர்'.

'டிஸ்கஸ் அபௌட்', 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது, இவையும் அடிக்கடி வரும். 'டிஸ்கஸ்' தனியாக நிற்கும். 'ஆல்தோ' இருந்தால் 'பட்' வேண்டாம்.

இலக்கணப் புத்தகம் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்து கடைசி வரை போகாதீர்கள். 2 வாரச் சிவப்பைக் கணக்கெடுத்தால் உங்கள் பிழைகளில் எந்த மூன்று அதிகம் என்று தெரியும். அந்த மூன்று பாடத்தை மட்டும் புத்தகத்தில் படியுங்கள். திருத்தும்போதும் ஒரு சுற்றுக்கு ஒரு பிழை: முதல் சுற்றில் ஆர்ட்டிகிள் மட்டும், இரண்டாம் சுற்றில் வினைச்சொல் மட்டும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்கப் போனால் கண் பொருளுக்குத் தாவிவிடும், பிழை தப்பிவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் 'திருத்தி எழுது' என்று கேட்காதீர்கள். பளபளப்பான பத்தி வரும், உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. 'பிழை இருக்கும் வரியை மட்டும் காட்டு, விடையைச் சொல்லாதே' என்று கேளுங்கள். இன்னொன்று: நூலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு சொல்லை மாற்றி எழுதுவதைப் பல்கலைக்கழகத்தில் கருத்துத் திருட்டாகக் கருதுவார்கள், மதிப்பெண் போவதோடு நிற்காது. மூடிவைத்து எழுதும் இந்தப் பயிற்சி அந்த ஆபத்திலிருந்தும் காப்பாற்றும்.

மூன்றாம் மாதத்துக்கு மேல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்' தளத்தைப் பாருங்கள். ஒப்பிடுதல், காரணம் சொல்லுதல், முடிவை எச்சரிக்கையோடு சொல்லுதல் என்று பிரித்து, வாக்கியத் தொடக்கங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை பொதுச் சட்டகங்கள் என்பதால் பயன்படுத்தினால் திருட்டு ஆகாது.

நாப்பழக்கம்:

தம்பி, பேச்சுல உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல, வேகம்தான் இல்ல. வேகத்துக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு, 4-3-2ன்னு பேரு. ஒரு விஷயத்தை 4 நிமிஷம் பேசுங்க. அதே விஷயத்தை மறுபடி 3 நிமிஷத்துல. மறுபடி 2 நிமிஷத்துல. பொருள் மாறக்கூடாது, நேரம் மட்டும் சுருங்கணும். மூணாவது தடவை வாக்கியத்தைத் தேடுற வேலை இருக்காது, நாக்கு தானா ஓடும். ஒவ்வொரு தடவையும் வேற ஆள் கேட்டா நல்லது, இல்லாட்டி போன்ல பதிவு பண்ணுங்க. மொத்தம் 9 நிமிஷம்.

எதைப் பேசுறது? சொல்வேலி அக்கா சொன்ன அந்தப் பத்தியைத்தான். நேத்து வாசிச்சு, இன்னைக்கு எழுதி, அதையே சாயங்காலம் பேசுங்க. புதுத் தலைப்பு தேடவே தேடாதீங்க. தலைப்பையும் யோசிச்சு ஆங்கிலத்தையும் யோசிச்சா ரெண்டும் தடுமாறும்.

உச்சரிப்புல அழகு எல்லாம் வேணாம், கேக்குறவங்களுக்குப் புரிஞ்சா போதும். புரியாமப் போறதுக்கு முதல் காரணம் அழுத்தம் தப்பான அசையில விழுறது. 'டெவலப்' நாம முதல் அசையை அழுத்துறோம், அழுத்தம் ரெண்டாவது அசையில: டி-வெ-லப், 'வெ' தூக்கலா. 'எகானமி'க்கு ரெண்டாவது அசை, 'எகனாமிக்'குக்கு மூணாவது. இதுல ஒரு விதி கை குடுக்கும்: 'இக்', 'ஷன்'னு முடியுற சொல்லுக்குப் பெரும்பாலும் அதுக்கு முந்தின அசையில அழுத்தம். அறிவியல் சொல் நெறைய இப்படித்தான் முடியும். விலக்கும் உண்டு, அதனால சந்தேகம்னா அகராதியில ஒலிக்குறிப்பைப் பாருங்க, அழுத்தமான அசைக்கு முன்னாடி மேல ஒரு சின்னக் கோடு இருக்கும்.

அடுத்தது கடைசியில ஒட்டுற 'உ'. 'புக்கு', 'பஸ்ஸு'ன்னு தமிழ் நாக்கு மெய்யில நிக்காது. இறந்தகாலத்துல இது குழப்பத்தையே உண்டாக்கும். 'வாக்குடு' இல்ல, 'வாக்ட்', ஒரே அசை. 'கால்டு' இல்ல, 'கால்ட்' மாதிரி, ஆனா கடைசி ஒலி மெத்துன்னு. தனி அசையா வர்றது 'வான்ட்', 'நீட்' மாதிரி 'ட்' ஒலியில (வல்லுன்னு வந்தாலும் மெத்துன்னு வந்தாலும்) முடியுற வினைக்கு மட்டும்தான்: 'வான்ட்டட்', 'நீடட்'.

நிழல் பேச்சுன்னு ஒரு பயிற்சி, தினம் 10 நிமிஷம் போதும். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் மாதிரி எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற ஒலிப்பதிவுல ஒரே ஒரு நிமிஷத்தை எடுத்துக்குங்க. முதல்ல எழுத்தைப் பாக்காம ரெண்டு தடவை கேளுங்க. அப்புறம் எழுத்தைப் பாத்துக்கிட்டே கேட்டு, மூச்சு விடுற இடத்துல கோடு போடுங்க. அப்புறம் ஒலியோட கூடவே, அரை வினாடி பின்னால நீங்களும் சொல்லுங்க. கடைசியா எழுத்தை மூடிட்டு. ஒரு நிமிஷப் பதிவை மூணு நாள் வச்சுக்கலாம். தினம் புதுசா 10 நிமிஷம் ஓட்டுறதால காது பழகும், வாய் பழகாது.

வகுப்புல கையைத் தூக்குற தைரியம் வர, ஆறேழு வாக்கியத்தை முழுசா நெட்டுரு போட்டு வச்சுக்குங்க. 'குட் யூ கோ ஓவர் த லாஸ்ட் ஸ்டெப் அகெய்ன்?', 'டஸ் தட் மீன்...?', 'ஐ'ம் நாட் ஷ்யூர் ஐ ஃபாலோ'. இங்க யோசிக்கவே கூடாது. 'ஐ ஹேவ் எ டவுட்'னு சொன்னா பல நாட்டு ஆசிரியர்களுக்கு 'நீங்க சொல்றதை நான் நம்பல'ன்னு கேக்கும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னே சொல்லுங்க.

வாரக் கடைசியில முதல் நாள் பதிவையும் இன்னைக்குப் பதிவையும் போட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை நீண்ட மௌனம்னு எண்ணுங்க. பிழையை எண்ணாதீங்க, அதை எழுத்துல பாத்துக்கலாம்.

கரைதேடி:

மூவருக்கும் மிக்க நன்றி. வாசிப்பு 45, கடின வாசிப்பு 20, எழுத்து 25, பேச்சு 20, அட்டை 10, சரியாக 2 மணி நேரம். நாளை தொடங்குகிறேன்.

கடின வாசிப்பில் 'சொல் சொல்லாகப் பிரி' என்றீர்களே, அதை எப்படிச் செய்வது? இந்த வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் தெரியும், ஆனாலும் மூன்று தடவை வாசித்தும் பிடிபடவில்லை:

'த ஹீட் தட் த வாட்டர் லூசஸ் ஆஸ் இட் ஃப்ரீசஸ் இஸ் அப்சார்ப்ட் பை த ஏர் அரௌண்ட் இட்.'

ஏட்டுச்சுவடி:

அருமையான வாக்கியம் தம்பி, உங்கள் சிக்கல் முழுக்க இதற்குள் இருக்கிறது.

முதலில் முற்றுவினைகளுக்கு வட்டம் போடுங்கள். 'லூசஸ்', 'ஃப்ரீசஸ்', 'இஸ் அப்சார்ப்ட்', மூன்று. அடுத்து இணைப்புச் சொற்களுக்குப் பெட்டி போடுங்கள். 'தட்', 'ஆஸ்', இரண்டு. வினைகள் இணைப்புகளைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் எண்ணிக்கை சரி. சில சமயம் 'தட்' எழுதப்படாமல் மறைந்திருக்கும், அப்போது கணக்கு இடிக்கும், அந்த இடிப்பே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் வினையைக் கொடுங்கள். 'தட்' எடுத்துக்கொள்வது 'லூசஸ்': 'நீர் இழக்கும்'. 'ஆஸ்' எடுத்துக்கொள்வது 'ஃப்ரீசஸ்': 'அது உறையும்போது'. இரண்டையும் அடைப்புக்குள் தள்ளிவிடுங்கள். மிஞ்சும் எலும்பு: 'த ஹீட்... இஸ் அப்சார்ப்ட் பை த ஏர்'. வெப்பம் காற்றால் உறிஞ்சப்படுகிறது. அவ்வளவுதான் செய்தி.

தமிழில் இதை 'நீர் உறையும்போது இழக்கும் வெப்பத்தை, சுற்றியுள்ள காற்று உறிஞ்சிக்கொள்கிறது' என்போம். கவனியுங்கள், 'இழக்கும்' என்ற பெயரெச்சம் 'வெப்பம்' வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹீட்' முதலில் வந்து, விளக்கம் அதற்குப் பின்னால் தொங்குகிறது. 'வெப்பம்' என்று பிடித்ததும் நம் மனம் உடனே அதன் வினையைத் தேடும். கையில் கிடைப்பது 'லூசஸ்'. வெப்பம்தான் எதையோ இழக்கிறது என்று தவறாக முடிச்சுப் போட்டுவிடுவீர்கள், அப்புறம் 'இஸ் அப்சார்ப்ட்' அனாதையாக நிற்கும். மூன்று தடவை வாசித்தும் பிடிபடாததற்குக் காரணம் இந்த ஒரு முடிச்சு.

ஆகவே பெயர்ச்சொல்லை ஒட்டி 'தட்', 'விச்', 'ஹூ' வந்தாலே பெயர்ச்சொல்லின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள், அடைப்பு முடிந்து முதன்மை வினை வரும்வரை எடுக்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு பத்திக்கு 20 நிமிடமும் போய்விடும், போகட்டும். சில வாரத்தில் பென்சில் இல்லாமலே கண் அடைப்புப் போடத் தொடங்கும்.

அதே பத்தியில் அடுத்த வாக்கியத்தைப் பிரித்து இங்கேயே போடுங்கள், வட்டமும் பெட்டியும் எங்கே என்று சொல்லி. பார்த்துவிடலாம்.